பன்னிரண்டு என்று எழுதிய விரல்

தண்ணீர் கம்பெனிச் சோதகரின் வலது ஆள்காட்டி விரலிலிருந்து உப்பு கொட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்துக்கு. அதிகமில்லை, அரைச் சிட்டிகை. நல்ல வெள்ளை, கட்டி தட்டாதது. தராசில் நிறுத்துப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டு வேலையைக் கவனித்தார். ஏழே முக்காலுக்கு மறுபடி கொட்டியது.

அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனியில் தண்ணீரை மென்மையாக்கும் எந்திரத்தை வைத்திருந்தார்கள். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விட்டுவிடும். சோதகருக்கு இது தெரியும். தெரிந்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் சோடியம் பார்க்கும் கருவி பழுதாகிக் கிடந்தது, லேபிளோ அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. பழைய எண்ணையே எழுதிக் கொடுத்தார்: லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம். ஒரு மாதத்தில் தண்ணீர் குணம் மாறிவிடவா போகிறது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். கருவி சரியாகி வந்து காட்டிய எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்குள் ஐம்பதாயிரம் லேபிள் ஒட்டியாகிவிட்டது. கருவியைத் துடைத்து உறையில் போட்டு வைத்தார். அது திங்கட்கிழமை.

இதயம் பலவீனமான அண்ணனுக்கு உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்ன நாள் முதல், "எங்க தண்ணியவே குடிண்ணே, நானே பாத்து எழுதினது" என்று வாராவாரம் கேன் அனுப்பி வந்தவரும் இவர்தான். அண்ணன் ஒரு டம்ளர் குடித்தால் நான்கு தெரு தள்ளித் தம்பியின் விரலில் அரைச் சிட்டிகை விழும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. வாயைத் திறக்க இரண்டு வருடம். வேறு தண்ணீர் அனுப்பினால் ஏன் என்று கேட்பார்களே என்று அதே கேனையே அனுப்பிக்கொண்டிருந்தார். கையுறை போட்டுக்கொண்டார். சுத்தத்துக்காக என்றார். மரியாதை கூடியது.

அண்ணனின் கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியது. பழி அண்ணி மேல் விழுந்தது. "ருசிக்காகத் திருட்டுத்தனமா போடுற நீ" என்று அண்ணன் அடுப்பருகே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அண்ணி உப்பு ஜாடியைத் தெருவில் எறிந்துவிட்டுத் தானும் சப்பென்று சாப்பிட்டாள். வீக்கம் வடியவில்லை. மூச்சு முட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து அண்ணன் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்த சோதகரை அண்ணி கேட்டாள்.

"நீங்க படிச்சவர், தம்பி. நான் போடலன்னு இவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க."

அண்ணன் டம்ளரை எடுத்தார். சோதகர் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை மேசைமேல் நீட்டினார். ஒரு மடக்குக்குக் கொஞ்சம் உப்பு விழுந்தது. அண்ணன் நிறுத்தினார், உப்பும் நின்றது. குடித்தார், விழுந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமாண்ணே."

அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "அப்போ நான் உன்னச் சொன்னதெல்லாம்..."

"அந்த வழக்க அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல டம்ளரக் கீழ வைங்க."

லேபிள் மாறியது, சோதகரின் வேலை போனது, செருப்பு காலில் நுழைந்தது. அண்ணன் இப்போது குடிப்பது வேறு தண்ணீர். விரல் மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி தன் தட்டை மட்டும் சோதகர் பக்கம் நகர்த்துவாள். அவர் விரலை நீட்டுவார். போதும் என்று சொல்ல அவள் எப்போதும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள்.