விட்டுப்போன வரி

இரவு வேலை முடிந்து நேராகப் பதிப்பகத்துக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இசை அமைப்பது அப்பா. அவர் கிறுக்கியதைத் திருத்தமாகப் படியெடுப்பது அம்மா. பதிப்பாளரோடு மல்லுக்கட்டுவது நான். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

அது அப்பாவின் முதல் பியானோ இசைப் புத்தகம். அச்சுப்படியில் அவர் கையெழுத்துப் போட்டால் அன்றே அச்சேறும். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அப்பாவின் கை பேனா பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு வரி காணோம்" என்றார்.

சுரமே இல்லாத வரி அது. இரண்டாம் பாகம் முடிந்ததும், வாசிப்பவர் கையை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டிய வெற்றுக் கட்டங்கள். அம்மாவுக்குப் படியெடுக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஒன்றுமில்லாத வரிக்கு எதற்கு இடம் என்று விட்டுவிட்டாளாம்.

அதைச் சேர்த்தால் ஒரு பக்கம் கூடும் என்றார் பதிப்பாளர். "ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம்தான் சார். பதினேழாவதை எங்க ஒட்டுறது, என் நெத்தியிலயா?"

எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லிப் பார்த்தேன். இப்போதே எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கிறது என்றார். அப்பா பேனாவை மூடினார்.

"ஏங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அம்மா.

"வாசிக்கிறவனுக்கு மூச்சு முட்டும்."

அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. எனக்குக் கண் சொருகியது. அம்மா அச்சுப்படியை முன்னால் இருந்து புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். பக்கம் முழுக்கக் காலி. நடுவில் மட்டும் 'என் மனைவிக்கு' என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்பா அவளுக்கென்று எழுதிய ஒரே வரி.

"தம்பி, இதை எடுத்துட்டு அதைப் போடுங்க" என்றாள் பதிப்பாளரிடம்.

"அது உனக்குப் போட்டது" என்றார் அப்பா.

"தெரியுது. படிச்சாச்சுல்ல, போதும்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது. நடுங்கிய விரலெல்லாம் மை. பதிப்பாளர் அந்த மூன்றாம் பக்கத்தை உருவி, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக அதிலேயே துடைத்தாள். கையில் வேறு காகிதம் இல்லை.