பிடிக்காத பிரேக்

அவளுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக் கூட வேலை கிடைத்திருந்தது. போகட்டுமா என்று கணவனைக் கேட்டாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் அவன். "உன் இஷ்டம்" என்றான். அதைச் சொன்ன விதம்தான் வினை. வேண்டாம் என்றிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவைச் சாப்பிட வரச் சொல், அம்மாவிடம் சாவி எங்கே என்று கேள் என்று எல்லாம் மகள் வழியாகவே போய் வந்தன. நான் என்ன தபால்காரியா என்று ஒருநாள் மகளும் அலுத்துக்கொண்டாள்.

வீட்டு மோட்டார் சைக்கிளை மனைவிதான் ஓட்டுவாள். சில நாளாக அவள் வாசலில் நிறுத்தும்போதெல்லாம் முன்சக்கரம் கிறீச்சென்று கத்தியது. குனிந்து பார்த்தான். பிரேக் பேட் ஒரு பக்கம் தகடு வரை தேய்ந்திருந்தது.

விடுமுறை நாளில் உதிரிபாகக் கடைக்குப் போனான். கடைக்காரர் இரண்டு ரகத்தை எடுத்து வைத்தார். ஒன்று உலோகத்தூள் கலந்தது. நாள்பட உழைக்கும், ஆனால் சத்தம் போடும். மற்றது சீக்கிரம் தேயும், ஆனால் சத்தமில்லாமல் மெதுவாகப் பிடிக்கும். வண்டி ஓட்டுவது யார் என்று கேட்டார். வீட்டில் அவங்கதான் என்றான். அப்படியானால் மெதுவானதே நல்லது என்றார். அதையே வாங்கினான். வாய் திறக்காமல் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

முற்றத்தில் உட்கார்ந்து பழைய பேடுகளைக் கழற்றினான். புதியவை தடிமனானவை, உள்ளே நுழைய இடம் வேண்டுமென்று, பேடை அழுத்தும் பிஸ்டனை நெம்பிப் பின்னுக்குத் தள்ளினான். பேடுகளைப் பொருத்தி போல்ட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. இனி பிரேக் லிவரைப் பலமுறை அழுத்தி, தள்ளிய பிஸ்டனை மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை பிரேக் பிடிக்காது. ரத்தத்தைக் கழுவிவிட்டு வந்து செய்யலாம் என்று உள்ளே போனான்.

அந்த நேரம் பார்த்து, பாட்டு வகுப்பு முடிந்துவிட்டதென்று மகள் போன் செய்தாள். மனைவி வெளியே வந்தாள். சக்கரம் மாட்டியிருந்தது, கருவிகள் ஓரமாக இருந்தன. வேலை முடிந்ததென்று நினைத்துச் சாவியை எடுத்தாள்.

குளியலறை ஜன்னல் வழியாக அவன் பார்த்தான். எடுக்காதே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்று ஆகியிருந்த வீடு அது. ஒரு கணம் தயங்கினான். "நில்லு!" என்று கத்தியபோது வண்டி கிளம்பியிருந்தது. அவள் திரும்பவில்லை.

தெரு பிரதான சாலையை நோக்கிச் சரிவாக இறங்கும். வெறுங்காலோடு ஓடினான். கீழே கூட்டம் கூடியிருந்தது. லிவர் சொத்தென்று கைப்பிடியைத் தொட்டிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. எதிரே பேருந்து வருவதைக் கண்டு, பின் பிரேக்கை மிதித்து மரக்கடைச் சுவரில் கொண்டுபோய் மோதியிருக்கிறாள். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு அவளே முதலில் பேசினாள்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. மறுபடி சண்டைக்குத்தான்னு நெனச்சேன்."

"நீ சாவிய எடுக்கறப்பவே பார்த்தேன்" என்றான் அவன். "அப்பவே சொல்லல. நீ முதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பி வர்றப்ப பின்னாடி பிள்ளை உட்கார்ந்திருப்பாளே" என்றாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்ததும் அவள் புது வேலையில் சேர்ந்தாள். அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குடிவைத்துவிட்டு வந்தான். விடுமுறைகளில் மகளோடு பேருந்தில் போய்ப் பார்க்கிறான். மூவரும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இடையில் பேச்சு அறுந்து யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் அவனால் பொறுக்க முடிவதில்லை. உடனே, வெயிலைப் பற்றியோ பேருந்துக் கூட்டத்தைப் பற்றியோ எதையாவது சொல்லிவிடுகிறான்.