பச்சை எண் 66

1

இந்தக் கதையை எழுத வைத்தது லீலாதான். நேற்று தன் பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"இத எடுத்துக்குங்கண்ணா. வீட்ல சும்மா எடம் அடைக்குது."

ஐந்து வருடம் முன்பு, 1994இல், அதை அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'கம்ப்யூட்டரின் மூளையான 486 சிப்பில் முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ், அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ் என இரண்டு வேகம் உண்டு. இரண்டும் ஒரே போர்டில் உட்காரும், ஒரே வேலையைச் செய்யும். ஆனால் அறுபத்தாறு ஏறக்குறைய பாதி நேரத்தில்...'

கட்டுரை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன். இருந்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

லீலா இங்கே மைசூரில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, விஜயநகர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் மெஷின் பாகங்களின் படம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். அவள் கேட்டது அறுபத்தாறு. பெங்களூரிலிருந்து அந்தச் சிப் வராததால், தற்காலிகமாக முப்பத்துமூன்றைப் போட்டு...

(இல்லை. சிப் வந்திருந்தது. வேறொருவர் அவசரப்படுத்தினார் என்று கொடுத்துவிட்டேன். என்னை நல்லவனாகக் காட்டப் பார்க்கிறேன்.)

அந்தக் காலக் கம்ப்யூட்டர் கேபினெட்டின் முகப்பில் பச்சை எண் ஒன்று எரியும். அது வேகத்தை அளந்து காட்டுவதாகப் பலரும் நம்பினார்கள். அது எதையும் அளக்காது. பின்னால் இருக்கும் சின்னப் பின்களை மாற்றினால், நாம் வைத்த எண்ணைக் காட்டும். நான் 66 வைத்தேன். அடுத்த மாதம் சிப்பை மாற்றிவிடலாம் என்றிருந்தேன். மாற்றவில்லை.

4

அவள் படங்கள் திரையில் ஊர்ந்து ஊர்ந்து வந்தன. கெடு தவறியது. ஏழு மாதத்தில் ஆர்டர் நின்றது.

"மெஷின் அறுபத்தாறுல ஓடுதுண்ணா. நான்தான் ஸ்வல்ப ஸ்லோ. கமாண்டெல்லாம் தப்பா போடறேனோ என்னமோ."

நான் அவளுக்கு டீ வரவழைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

நேற்று புறப்படும்போது சொன்னாள்: "ஹெப்பாள்ல புது கம்பெனில படம் வரையக் கூப்பிடறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். வேண்டாம்னுடறேன்ணா. அந்த வேகம் எனக்கு வராதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சே."

முடிவு ஒன்று: நான் அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். எழுதிப் பார்த்தேன். அவள் கோபத்தை நம்ப முடிந்தது, சொல்கிற என்னை நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லாமல் இருக்கிறேன். அதை ஐந்து வருடமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

6

ஒன்றை மறைத்துவிட்டேன். லீலா மைசூரிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எனக்குக் கன்னடத்திலும் எழுத வரும். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை. இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போயிருக்கும். அதுவும் எனக்கு வசதிதான். அதற்குள் நானே சொல்லியிருப்பேன் என்று நினைத்தால், அந்த முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நினைக்கவில்லை என்றால், விஜயநகர் பக்கம் போகும்போது அவளைப் பாருங்கள். முழுக் கதையும் வேண்டாம். மெதுவாக ஓடியது மெஷின்தான் என்று மட்டும் சொல்லுங்கள்.