தடுப்புக்கு அந்தப் பக்கம் தேவானை

கோமளவல்லி மேடத்துக்கு அந்த அட்டைத் தடுப்பு என்றால் உயிர். கேள்வி கேட்கிறவரின் புருவம் லேசாக உயர்ந்தாலும் குழந்தை பதிலை மாற்றிவிடுமாம். அதனால் மேசைக்கு நடுவில் தடுப்பு. இந்தப் பக்கம் ஆசிரியை, அந்தப் பக்கம் குழந்தை. மற்ற குழந்தைகளைப் போலப் படிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சிக்காக 1971இல் மயிலாப்பூரில் சேர்ந்த எங்களுக்கு அவர் சொன்ன முதல் விதியே அதுதான்.

"முகம் பொய் சொல்லும்டி. மார்க் பொய் சொல்லாது" என்பார்.

எனக்கு அதில் சந்தேகம். எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் எனக்குக் 'கேள்வி ஜஹனாரா' என்றே பெயர்.

ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் சோதித்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள் என்று, அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பாஞ்சாலி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். தேவானைக்கு எட்டு வயது. அவளுக்கு மந்தபுத்தி என்று மேடம் எழுதிக் கொடுத்தால் போதும், பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நாலு வயசுல ஜொரம் வந்துச்சும்மா. அப்பாலருந்து இப்டித்தான் கீது. கூப்டா திரும்பவே மாட்டா, அம்மாம் திமிரு! ஆனா வூட்டாண்ட நல்லா பேசிக்கினுதான் கீறா. பேரை மட்டும் அட்ச்சிடாம பாத்துக்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் பாஞ்சாலி.

மேடம் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தார். பூனைக்கு எத்தனை கால்? பதில் இல்லை. மழை பெய்தால் என்ன செய்வாய்? அதற்கும் இல்லை. தேவானை அட்டையையே வெறித்துக்கொண்டிருந்தாள். மரத்துண்டுகளைக் குழிகளில் பொருத்தும் பலகையை நான் முன்னால் வைத்துக் கையால் காட்டியபோது மட்டும், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் பொருத்திவிட்டாள்.

"மேடம், இதை மட்டும் எப்படி...?"

"அது கைவாகு. வாய்க்கேள்வி ஒண்ணுக்கும் பதில் வரலையே. பாவமாத்தான் இருக்கு, எழுதிட வேண்டியதுதான்."

"தண்ணி குடிக்க வச்சுக் கூட்டிட்டு வரேன், மேடம். அதுவரைக்கும் எழுதாதீங்க."

கொல்லையில் அடிபம்பு இருந்தது. அங்கே போனதும் அந்த ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தது பாருங்கள், மூடவே இல்லை.

"நீ ஏங்க்கா பொட்டு வெச்சுக்கல? உங்க வூட்ல ரொட்டியா, ஓறா?"

சோறு அவள் வாயில் 'ஓறு' ஆகிவிட்டது. நான் பம்பை அடித்துக்கொண்டே, அவளுக்கு முதுகைக் காட்டியபடி பதில் சொன்னேன். ஈரக் கையால் என் முகவாயைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் திருப்பினாள்.

"இப்ப ஒல்லு."

பம்புக் கைப்பிடியில் என் கை அப்படியே நின்றுவிட்டது. பதிலைக் கேட்பதற்கு என் முகம் எதற்கு? அவள் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பலமாகக் கை தட்டினேன். மதிலில் இருந்த காக்கை பறந்தது. தேவானை நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஓடி, முதல் வேலையாகத் தடுப்பை எடுத்துக் கீழே வைத்தேன்.

"என்னடி அக்கிரமம் இது? நீ ஜாடை காட்டறதுக்கா?" மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"நான் கேட்கலை மேடம், நீங்களே கேளுங்க. ஆனா சத்தம் வரக் கூடாது. உதடு மட்டும் அசையட்டும்."

எனக்கு மறை கழன்றுவிட்டதோ என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் புதிதாக ஒரு சோதனை என்றால் அவருக்கும் ஆசை விடாது. தேவானையைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்.

"நாலு காலு" என்றாள் தேவானை.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி உதடு அசைந்தது.

"மழை பேஞ்சா தண்ணி உள்ள வந்துடும். நாங்க பாலத்தாண்ட பூடுவோம்."

கதவருகே பாஞ்சாலி வந்து நின்றுகொண்டிருந்தாள். மேடம் கடைசியாக ஒரு கேள்வியை மெதுவாக, சொல் சொல்லாக உதட்டில் காட்டினார். என்னாலேயே படிக்க முடிந்தது. உனக்குக் காது கேட்காதா?

தேவானைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லா கேக்குமே! இப்ப நீ பேசனதுகூட கேட்டுச்சே!"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "புத்தியில ஒரு குறையும் இல்லேன்னு எழுதறேன். காது டாக்டர்ட்ட காட்டணும். முதல் பெஞ்சுல, டீச்சர் முகம் தெரியற மாதிரி உட்கார வைக்கணும்" என்றார் என்னிடம்.

"தேவானை..." பாஞ்சாலி கதவருகிலிருந்து கூப்பிட்டாள்.

அவள் திரும்பவில்லை. பாஞ்சாலி ஓடிவந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்து, முகத்தை நேரே காட்டி, மறுபடி கூப்பிட்டாள்.

"இன்னாம்மா?" என்றாள் தேவானை.