கிண்ணியா ஜவாஹிரின் இடது கைகள்

ஜெனீவா ஏலத்தில் எடுத்த கைக்கடிகாரம் சுங்கத்தைத் தாண்டி வந்துசேர்ந்த அன்று, கிண்ணியா ஜவாஹிருக்கு மூன்றாவது இடது கை முளைத்தது. இரண்டாவது முளைத்தபோதே ஊர் கூடிப் பார்த்துவிட்டதால் இந்த முறை யாரும் வேலையைப் போட்டுவிட்டு வரவில்லை. அவருடைய மனைவி றஹ்மா சட்டைகளை எடுத்துக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஐஸ் தொழிற்சாலை நடத்துகிற மனிதருக்குக் கை கூடினால் நல்லதுதானே என்றார்கள் மீன் ஏற்ற வந்தவர்கள். உலகம் முழுக்க ஐம்பதே ஐம்பது செய்த கடிகாரம், அதைக் கட்ட ஒரு தனிக் கை வேண்டாமா?

எல்லோரும் அத்தோடு விட்டார்கள், திருகோணமலை டவுனில் இருந்த ஞானசேகரத்தைத் தவிர. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு முகவரான அவர், கடிகாரம் சேர்ப்பதில் ஜவாஹிருக்கு மூத்தவர். அவருடைய அரிய கடிகாரங்கள் இரும்பு அலுமாரிக்குள் பெட்டியோடும் பத்திரத்தோடும் இருந்தன, கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல். கட்டினால் கீறல் விழும், கீறல் விழுந்தால் மதிப்புப் போகும் என்பது அவர் கட்சி. ஜவாஹிரோ வாங்கியதையெல்லாம் கட்டிக்கொண்டு ஐஸ் உடைத்தார். அப்படிப்பட்டவனுக்குக் கை முளைக்கிறது, தனக்கு ஒரு மருகூட முளைக்கவில்லை என்று நினைக்க நினைக்க ஞானசேகரத்துக்கு வயிறு எரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போதெல்லாம் தோளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா, தோளிலை நோவோ?" என்று மனைவி புஷ்பவதி கேட்டாள்.

"நோ வந்தாலும் பரவாயில்லையே" என்றார்.

கடல்நீல முகப்புக் கொண்ட கடிகாரம் ஒன்று அடுத்த ஏலத்துக்கு வந்தது. அதில் ஜவாஹிர் கண் வைத்திருந்தது கிண்ணியா, டவுன் இரண்டு கரைக்கும் தெரியும். மீன் சந்தையில் ஜவாஹிருக்கு எப்போதும் அதே பேச்சுத்தான். ஏலம் நடந்த பின்னேரம் ஞானசேகரம் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். எதிரே கேட்பது ஜவாஹிர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனதில் வைத்த எல்லை தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது சேகரிப்பவர்களுக்குப் பாலபாடம். அவர் நிறுத்தவில்லை. கடிகாரம் வேண்டும் என்பதற்காக அல்ல, அந்த ஆளுக்கு இன்னொரு கை முளைக்கக் கூடாது என்பதற்காகவே விலையை ஏற்றிக்கொண்டு போனார். உப்புவெளிக் காணி விலைபோயிற்று, கடிகாரம் வந்தது.

வந்த அன்று சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாளை உரித்துக் கட்டியும் பார்த்தார்; கடிகாரம் ஓடவில்லை. மறுநாள் கிண்ணியாவிலிருந்து செய்தி வந்தது. ஜவாஹிருக்கு நான்காவது இடது கை முளைத்துவிட்டதாம். மணிக்கட்டில் வார் கட்டிய தடம் வெளுத்துக் கிடக்கிறதாம். ஒரு வேலையும் செய்யாமல், டவுன் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கிறதாம்.

கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஞானசேகரம் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தார்.

"வாங்கண்ணே, இரிங்க" என்றார் ஜவாஹிர். "இது ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கு."

"எனக்கு ஏன் முளைக்கேல்லை?" என்று கேட்டேவிட்டார் ஞானசேகரம்.

"எனக்கென்னண்ணே தெரியும். நான் கேட்டா மொளச்சது?"

அந்த நான்காவது கை ஞானசேகரத்தின் சட்டைப்பையை நோக்கி நீண்டது. வேறொருவர் கடிகாரத்தை அதில் கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே கட்டிவிட்டார். உடனே கடிகாரம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஆத்திரம் பொங்கி, கழற்றப் போனார். அந்தக் கை அவர் விரல்களைப் பற்றிக்கொண்டது. பொழுது சாயும்வரை விடவில்லை. றஹ்மா கொடுத்த தேநீரை மற்றக் கையால் குடித்தார்.

இப்போது காலையில் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறார், மாலையில் கழற்றி வந்து அலுமாரியில் பூட்டுகிறார். இடைப்பட்ட நேரம் இருவரும் ஐஸ் தொழிற்சாலை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கை அவர் விரல்களைப் பிடித்தபடி இருக்கும். எரிச்சல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். போன மாதம் காய்ச்சலில் அவர் போகாத அன்று, கடிகாரம் பார்க்க வந்த கந்தளாய்க்காரர் ஒருவர் அந்தக் கையைக் குலுக்கிவிட்டுப் போனாராம். அதைக் கேட்டதிலிருந்து ஞானசேகரத்துக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.