நேராக வீட்டுக்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில், மலைக்குப் போகும் பஸ்கள் நிற்கிற பக்கமாக ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தாமோதரன் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தோம். மணி ஏழரைகூட ஆகவில்லை. சீட்டு போய்விடும், வா என்று கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். கால் வலிக்கிறதா, மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஒன்றும் இல்லை, நான் மலைக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். மூன்று மாதம் முன்பே எடுத்த தர்சன டிக்கெட்டு, ஆதார் நம்பர் போட்டு எடுத்த டிக்கெட்டு என்று ஆரம்பித்தார். அவருக்கு எப்போதும் டிக்கெட்டுதான் முக்கியம்.

"சாமி பாத்தப்பறம்தான வேற வூட்டுக்குப் போவக்கூடாது? நான் சாமியே பாக்கல. அந்தச் சட்டம் எனக்கு இல்ல. நான் எம்பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மலைக்குக் கிளம்பிவிட்டால் வழியில் வேறு யார் வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது. சாமி பார்த்து இறங்கினால் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். நடுவில் எங்கேயாவது தங்கினால் வாங்கி வந்த புண்ணியம் அந்த வீட்டிலேயே நின்றுவிடுமாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு புரட்டாசியும் இதே கதை. போகும்போது கூடாது, வரும்போதும் கூடாது. ஆக எனக்குத் தெரிந்த திருப்பதி என்பது இந்த பஸ் ஸ்டாண்டும், பஸ் ஜன்னலில் தெரிகிற லாட்ஜ் போர்டுகளும்தான். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன், ரோஹிணி இந்த ஊரிலேயே குடித்தனம் வைக்கும்வரை.

ரோஹிணி எங்கள் ஒரே பெண். இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. அதே லேப்பில் வேலை செய்த கிளமென்ட் என்கிற சித்தூர்ப் பையனை இரண்டரை வருஷத்துக்கு முன்பு ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, இனிமேல் என் மூஞ்சியில் விழிக்காதே என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. கத்தினேன். கோபத்தில் வந்த வார்த்தை, ஒரு வாரத்தில் ஆறிப்போயிற்று. ஆனால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு யாரும் வழிவிடவில்லை. அவள் நம்பரை மாற்றிவிட்டாள், உன்மேல் ரொம்பக் கோபமாக இருக்கிறாள் என்று இவர் சொன்னார். பெற்றவள் வலியப் போய்ப் பேச வேண்டுமா, அவளே வரட்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு.

தாமோதரன் அன்றைக்கும் கத்தவில்லை. வீட்டில் ஓடுகிற விசைத்தறிப் பக்கம் போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். கத்துகிற மனுஷன் என்றால் பதிலுக்குக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். இவரோடு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் ஒரே ஒரு பெரிய போன், அதுவும் அவர் பையில். மத்தியானம் அவர் கண்ணயரும்போது எடுத்து, யூடியூபில் ரோஹிணி போடுகிற வீடியோக்களைப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாத திருப்பதி என்று பெயர் வைத்து, தர்சனத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத இடங்களாகத் தேடித் தேடிப் போடுவாள். பேச்சு தெலுங்கில் ஓடும், நடுவில் வாய் தவறித் தமிழ் வரும். விடிவதற்குள் முடிந்துவிடுகிற பூ மார்க்கெட், ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கும் படிக்குளம், ராகி தோசை வண்டி, எங்கிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும் என்கிற மொட்டை மாடி. முப்பத்தொரு வீடியோ. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஊரைப் பார்க்கவா பார்த்தேன்? பூ மார்க்கெட் வீடியோவில்தான் அவள் வயிறு தெரிந்தது. அப்புறம் நாலு மாதம் ஒன்றுமே வரவில்லை. அடுத்த வீடியோவில் தோளில் ஒரு குழந்தை. எனக்குப் பேத்தி பிறந்த சேதியை எனக்குச் சொன்னது அந்த போன். இவரிடம் காட்டினேன். "ம்" என்றார். எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

இப்போது பெஞ்சு முன்னால் நின்றுகொண்டிருந்தவர் என் முகத்தையே பார்த்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். "சாயங்காலம் இங்கயே வந்து இரு" என்றார். பஸ் கிளம்புகிற நேரம், ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. போன் அவரிடம். ரோஹிணியின் புது நம்பரோ விலாசமோ எனக்குத் தெரியாது. வாய் மட்டும் பெரிதாகப் பேசிவிட்டேன்.

ஆதிநாராயணன் என்கிற ஆட்டோக்காரர் தர்சனம் ஆயிற்றா என்று தெலுங்கில் கேட்டார். ஆகவில்லை, போகவும் இல்லை என்றேன். அப்படியென்றால் ஏழு கோயில், அரை நாளில் முடித்துவிடலாம் என்று பட்டியலை ஆரம்பித்தார். எனக்குக் கோயில் வேண்டாம், ஒரு சோடாக் கடை வேண்டும் என்றேன். ஒரு வீடியோவில் ரோஹிணி, இது எங்கள் தெருமுனைதான் என்று சொல்லிக்கொண்டே பன்னீர் சோடா குடிப்பாள். கடைக்காரர் பெயர் இஸ்மாயில் பாய். எதிரே ஒரு தண்ணீர் டேங்க், அதில் பச்சை எழுத்தில் சிமெண்டு விளம்பரம். இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "திருப்பதில டேங்கு எத்தினி இருக்குது தெரியுமாம்மா?" தெரியாது, ஒவ்வொன்றாகக் காட்டு என்றேன்.

மூன்று மணி நேரம் சுற்றினோம். நடுவில் அவருக்கே பசி பொறுக்காமல் ராகி தோசை வண்டிப் பக்கம் போனார். அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். வீடியோவில் என்னமாய் ஜொலித்த இடம்! சாக்கடை ஓரமாக ஒரு தகர வண்டி, ஈ மொய்க்கிறது, ஒரு கிழவர் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறார். படிக்குளம் இருந்த சந்தில் பாதிக் குளம் பாசி, மீதிக் குளம் பிளாஸ்டிக். அவள் அங்கே நின்று சிரித்ததால்தான் அது ஒரு இடமாக இருந்தது போலிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஊர்மேல் எரிச்சலா, அவள்மேலா, இவர்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டேங்குகளில் ஒன்றில் விளம்பரமே இல்லை, ஒன்றில் சிவப்பு எழுத்து, ஒன்றை இடித்துவிட்டார்கள். ஆதிநாராயணன் இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனில் கேட்கலாமா என்றார். நான் என்ன காணாமல் போனவளா என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஐந்தாவது டேங்கில் பச்சை எழுத்து இருந்தது. ரோஹிணி வீடு எது என்று கேட்டேன். இஸ்மாயில் பாய் சோடாவை உடைத்துக்கொண்டே எதிர் மாடியைக் காட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், எதுவோ கேட்க வந்து விட்டுவிட்டார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஒன்றும் இல்லை. இடுப்பில் குழந்தை. நான் ரோஹிணியோட அம்மா என்றேன். அந்த அம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "உள்ள வாங்க சம்மந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளமென்டின் அம்மா, பெயர் ஜெபமணி. குழந்தை என்னைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீல் என்று கத்திக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. புது ஆள் என்றால் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றாள். பெயர் கௌசிகாவாம். பதினோரு மாதம். ரோஹிணிக்கு நாலு மணிவரை டியூட்டி, மாற்றிவிட ஆள் இல்லை.

காபி கொண்டுவரப் போனாள். நான் அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தேன். உத்தரத்தில் தூளி கட்டியிருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கரையில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டுப்போயிருந்தது. கையை நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அந்த நூலைச் சுற்றிக் கொடுத்தவள் நான். பங்குனியில் எங்கள் தறியில் ஓடிய புடவை அது. இழை விட்டது தெரியாமல் ஓட்டிவிட்டாயே என்று அவரைத் திட்டியதும் நான்தான். டேமேஜ் பீஸ், கடைக்காரர் சும்மா கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். வாராவாரம் வியாழக்கிழமை திருப்பதிக் கடைக்குத் துணி போட வருவார். அன்றைக்கு மலைக்குப் போகமாட்டார். அன்றைக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

காபியோடு வந்த ஜெபமணி நான் தூளியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"அண்ணன் குடுத்ததுதான். வேசாழக்கெழம ஆனா கடைக்கிப் போட்டுட்டு நேரா இங்கதான் வரும். சோறு துன்னுட்டு, புள்ளய தூங்க வச்சிட்டுத்தான் போவும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்கதான் இன்னும் கோவமா இருக்கீங்கன்னு சொல்லும். இப்ப போன் கீன் பண்ணாதம்மா, நானே சொல்றேன்னு ரோஹிணிகிட்ட சொல்லிக்கினே இருக்கும். நாங்களும் தெனம் ஜெபத்துல வேண்டிக்கினுதான் இருக்கோம் சம்மந்தி, உங்க கல்லு மனசு எளகணும்னு."

கல்லு மனசு! முப்பத்தொரு வீடியோவையும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, புடவையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவளின் மனசு இளகத்தான் ஒரு குடும்பமே முழங்காலில் நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தக் காபியைச் சுவரில் அடிக்க வேண்டும் போலவும் வந்தது. ஜெபமணிமேல் என்ன தப்பு. காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

லேப்புக்கு போன் போட்டுக் கொடுத்தாள். அம்மா பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "கோவம் போச்சாம்மா?" என்றாள் ரோஹிணி.

எங்கிருந்து ஆரம்பிப்பது? சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டு போனைக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் குழந்தையோடு மல்லுக்கட்டினேன். கை தட்டினேன், காக்காய் காட்டினேன், வளையலைக் கழற்றி உருட்டினேன். வளையலை வாங்கிக்கொண்டது, என்னை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு மேல், தூக்கம் சொக்கும்போதுதான், வேறு வழியில்லாமல் என் மடியில் சாய்ந்தது. அதன் உச்சந்தலையில் எண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை. நான் அசையவே இல்லை. கால் மரத்துப்போயிற்று, அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணிக்கு எழுந்தது. அழவில்லை. தூக்கிக்கொண்டு நின்றேன், என் காது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தது. அப்பாடா என்று இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரோஹிணியோ என்று பார்த்தால் தாமோதரன். நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை. பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடியிருக்கமாட்டார். நேராக இங்கேதான் வந்திருக்கிறார், வழி கேட்காமல். வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார், செருப்பைக் கழற்றவில்லை. தூளி, காபி டம்ளர், என் முகம் என்று அவர் பார்வை போயிற்று. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கத்தத்தான் நினைத்தேன். இடுப்பில் குழந்தை இருந்தது.

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நாம போக்குவரத்து வச்சிருக்கறது ஒரே நாள்ல தெரு பூரா தெரிஞ்சிடும். எங்க அக்கா வூட்ல பொண்ணு குடுக்கல் வாங்கல்லாம் நிக்கும். ஒன் வாய் எனக்குத் தெரியாதா?"

என் வாய். உண்மைதான், எனக்கு வாய் நீளம். ஆனால் அந்த வாய் பேத்தி பிறந்ததை ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொல்லவில்லையே. அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

"உள்ள வா. வேசாழக்கெழம வர்ற மாதிரி வா" என்றேன்.

"சாமி பாத்துட்டேன் துர்கா." அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துகொண்டுதான் நின்றார், அது அவர் கால்விரல்களிலேயே தெரிந்தது. "நேரா வூட்டுக்குப் போவணும். கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அதுவரை ஜிமிக்கியிலேயே இருந்த குழந்தை, அவர் குரலை அடையாளம் கண்டு அப்படியே திரும்பியது. ஜிமிக்கியை விட்டுவிட்டது. "தாத்தா" என்று முழுசாக வராத வாயால் ஏதோ சொல்லி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசல் பக்கம் தாவியது. அவரும் தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். லட்டுப் பை முழங்கைவரை சறுக்கி வந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் கைகள் படியைத் தாண்டி உள்ளே இருந்தன, கால்கள் வெளியே இருந்தன. ஜெபமணி கொடுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள். குழந்தை என் தோளை உதைத்துக்கொண்டு, முகம் சிவந்து, அவரைப் பார்த்து அழ ஆரம்பித்தது. நான் அதன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றேன்.