சுமை என்று குறித்தவள்

வேலைவாய்ப்பு முகாமில் பெரிய பலகை ஒன்று வைத்திருந்தார்கள். ‘வேகமாக வளரும் பத்துத் தொழில்கள்’ என்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குத் தேவையான திறமைகள். ஏழு தொழில்களுக்குப் பட்டம் கேட்டார்கள். இரண்டுக்கு வயது முப்பதைத் தாண்டக் கூடாதாம். கடைசியாக இருந்தது ‘படக் குறிப்பாளர்’. கூர்மையான கண், ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை, தயங்காமல் முடிவெடுத்தல். அவ்வளவுதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசையில் நின்று, தையல் விட்ட சட்டைகளைக் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கண் மட்டும் கெட்டுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“தயங்காம முடிவெடுக்கிறது ஒரு திறமையாக்கா? இத்தனை நாளா நாங்க அதைத் திமிருன்னுல்ல சொல்லிட்டு இருந்தோம்!”

“உன் வாயை முதல்ல தைக்கணும்டா” என்றேன்.

எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில். அவனுக்கு ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. இருபது வயதில் சேர்ந்தான், இப்போது நாற்பத்திரண்டு. முதுகில் மூட்டை இல்லாதபோதும் குனிந்தேதான் நடப்பான். எதிரே வருகிறவர்களைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பான், அதில் அவனுக்குப் பெருமை வேறு.

படம் குறிக்கும் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. திறக்க முடியாத ஜன்னல்கள், முப்பது கணினிகள், தலையை நிமிர்த்தாத முப்பது பேர். தேர்வில் நூறு படங்களை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். மேற்பார்வை பார்க்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முகத்தைவிடப் பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் மனதுக்குள் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

வேலை சுலபம். திரையில் ஒரு படம் வரும். அதில் இருப்பதைச் சுற்றிக் கட்டம் போட்டு, என்னவென்று குறிக்க வேண்டும். மனிதர், வாகனம், விலங்கு, சுமை. ஒரு படத்துக்கு மூன்று வினாடி.

“இதெல்லாம் எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“மெஷினுக்குக் கண்ணு கொடுக்கிறோம் அக்கா. கதவு, லிஃப்ட், வண்டி எல்லாமே இனிமே பார்க்கும். எது என்னன்னு அதுக்கு நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.”

மூன்றாவது வாரத்திலிருந்து கிடங்குப் படங்கள் வந்தன. கேமராவைக் கூரையில் மாட்டியிருந்தார்கள் போல. மூட்டை தூக்கிக்கொண்டு குனிந்து போகும் ஆளை மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒரு மூட்டை தெரியும், அதற்கு அடியில் இரண்டு பாதம் தெரியும். விதிப்படி ஆளுக்கு ஒரு கட்டம், மூட்டைக்கு ஒரு கட்டம். இரண்டு கட்டம் போட ஏழு வினாடி ஆகும். நான் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டமாகப் போட்டு, ‘சுமை’ என்று தட்டிவிட்டேன். யாராவது கேட்டால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மாறாக, மாதக் கடைசியில் கண்ணாடி வந்து என் தோளைத் தட்டினாள்.

“நீங்கதான் அக்கா இங்க எல்லாரையும்விட வேகம். இனிமே உங்க பதில்தான் அளவுகோல்.”

அதாவது, ஒரே படத்தை முப்பது பேரும் குறிப்பார்கள். என் பதிலோடு ஒத்துப்போனால் அவர்களுக்கு மதிப்பெண், இல்லாவிட்டால் பிழை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடம் சட்டை பார்த்தபோது ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இரண்டே வாரத்தில் அறை முழுவதும் ஒரே கட்டம் போடப் பழகிவிட்டது.

ஒருவர் மட்டும் பழகவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். பிடிவாதமாக இரண்டு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போய், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, அந்த மூட்டைக்குக் கீழ ஒரு ஆள் இருக்கானே?”

“சார், மூணு செகண்டுதான் இருக்கு” என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலைந்து மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் தம்பி வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

“அக்கா, அந்த மருந்துக் கடையில புதுக் கதவு போட்டிருக்காங்க. எனக்குத் திறக்க மாட்டேங்குது.”

“உன் மூஞ்சியைப் பார்த்தா எந்தக் கதவுதான் திறக்கும்?”

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவனோடு போனேன். கண்ணாடிக் கதவுக்கு எதிரே போய் நின்றான். கதவு அசையவில்லை. கையை ஆட்டினான், காலை உதைத்தான். அசையவில்லை. நான் பக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்ததும் சட்டென்று திறந்துகொண்டது. நான் நுழைந்து, அவன் நுழையப் போகும்போது அவன் மேலேயே மூடியது.

அதற்கடுத்த வாரம் முதுகு வலிக்காக அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நீளமான நடைவழி, ஓரத்தில் நாற்காலிகள். உட்கார்ந்தால் வலிக்கிறதென்று அவன் சுவரோரமாகக் குனிந்து நின்றான். மேலே ஒலிபெருக்கியில் இனிமையான ஒரு பெண்குரல் வந்தது.

“வழியில் வைக்கப்பட்டுள்ள சுமையை அகற்றவும்.”

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். நடையில் ஒரு பெட்டி இல்லை, ஒரு பை இல்லை. அதே குரல், அதே இனிமை, மறுபடியும் வந்தது. சீருடை போட்ட ஊழியர் ஒருவர் கையில் இருந்த சிறிய திரையைப் பார்த்தபடி வந்தார். தம்பியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, அவன் இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

“என்னங்க பண்றீங்க?” என்று தம்பி கேட்டதும் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். முகம் வெளுத்திருந்தது.

“நீங்க... ஆளா?” என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கத்தான் வரவில்லை.

அதன்பிறகு தம்பி பேசுவது குறைந்தது. வீட்டில் ஒரு மூலையில் வந்து நிற்பான், நான் வேலை முடிந்து திரும்பும்போதுதான் திடுக்கிட்டு அவனைக் கவனிப்பேன். சொந்த அக்கா, நானே! ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னான்.

“கதவு, லிஃப்டு போகட்டும் அக்கா. இப்ப ரோட்ல போற ஆளுங்களும் ஒதுங்க மாட்டேங்கிறாங்க. நேத்து பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் என் முதுகு மேல பையை வச்சுட்டு, செருப்பு வாரைச் சரி பண்ணிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போனாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“அவர் பையை எடுக்கிற வரைக்கும் ஆடாம நின்னேன்” என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு, “அடுத்த திங்கக்கிழமை எங்க கிடங்குக்கு ஆளில்லாத வண்டி வருதாம். ஆள் குறுக்க வந்தா நின்னுடுமாம். மூட்டைன்னா தானே தூக்கிட்டுப் போய் அடுக்கிடுமாம்” என்றான்.

கையில் இருந்த தட்டை வைத்துவிட்டேன்.

“நீ போகாதே.”

“ஏன்?”

நான்தான்டா காரணம் என்று சொல்லியிருக்க வேண்டும். “எனக்கு மனசு சரியில்லை” என்றேன்.

“உனக்கு என்னைக்கு மனசு சரியா இருந்துச்சு? பதினாறு பேர்ல ஆறு பேருதான் மிச்சம் அக்கா. ஒரு நாள் போகலைன்னா அஞ்சாயிடும்.”

மறுநாளே அலுவலகத்தில் உட்கார்ந்து சரி செய்யத் தொடங்கினேன். கிடங்குப் படம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் போட்டேன். மனிதர், சுமை. மனிதர், சுமை. விரல் வீங்கும் வரை போட்டேன். திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்து வந்தது: ‘உங்கள் பதில் அளவுகோலுடன் பொருந்தவில்லை.’ தொண்ணூற்றெட்டாக இருந்த என் மதிப்பெண் வியாழக்கிழமை எழுபதுக்கும் வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்றுக்கும் வந்தது.

கண்ணாடியின் மேசைக்குப் போய்க் கத்தினேன். “எவன் வச்ச அளவுகோல்மா இது?”

“உங்களோடதுதான் அக்கா. நீங்க முதல்ல குறிச்சது.”

“அப்ப நானே மாத்துறேன். நான் சொன்னது தப்பு. மூட்டைக்குக் கீழ ஆள் இருக்கு.”

“மாத்துற உரிமை வேணும்னா தொண்ணூறுக்கு மேல பொருந்தணும். உங்களுக்கு நாற்பத்தொண்ணுதான் இருக்கு.” அவள் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. “அதுவும் இல்லாம, மெஷின் கத்துக்கிட்டு வெளிய போயிடுச்சு அக்கா. எந்தெந்த ஊருல எந்தெந்தக் கதவுல இருக்குன்னு எனக்கே தெரியாது.”

திரும்பி வந்து பார்த்தால் என் கணினி பூட்டியிருந்தது. ‘இந்தப் பணிக்குத் தேவையான திறமை உங்களிடம் இல்லை. அடிப்படைப் பயிற்சியில் சேரவும்’ என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன், முழுங்கினேன். மூக்கின் மேல் கோபம் உள்ளவள், யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்த நான், கூடப் பிறந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்தேன். திங்கட்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் கிளம்பிவிட்டான்.

ஓட்டமும் நடையுமாகக் கிடங்குக்குப் போனேன். வாசலில் லாரி நின்றிருந்தது. உள்ளே மூட்டை அடுக்க நாலு ஆள் உயரத்துக்கு இரும்புத் தட்டுகள், நடுவில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மஞ்சள் வண்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தரையை ஒட்டி இரண்டு இரும்புக் கைகள். நான் உள்ளே காலை வைத்ததும் பக்கத்தில் இருந்த வண்டி நின்றது. “மனிதர் உள்ளார். வழி விடப்படுகிறது” என்றது. மருத்துவமனையில் கேட்ட அதே குரல்.

தம்பி லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

“டேய்! மூட்டையைக் கீழ போடுடா! போட்டுட்டு ஓடி வா!”

என் குரல் கேட்டு நின்றான். ஆனால் போடவில்லை. அடுக்கும் இடம் வரும்வரை மூட்டையை இறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் சட்டம். பாதியில் இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், ஒரு கூச்சலில் போய்விடுமா?

வண்டி பின்னாலிருந்து வந்தது. இடிக்கவில்லை, தள்ளவில்லை. இரும்புக் கைகளை அவன் தொடைக்கு அடியில் கொடுத்து, கண்ணாடிச் சாமானைத் தூக்குவது போல அவ்வளவு பதமாகத் தூக்கியது. அவன் பாதங்கள் தரையைவிட்டு எழுந்தன. நான் பாய்ந்தேன். என் முன்னால் இன்னொரு வண்டி வந்து மறித்துக்கொண்டது. “மனிதர் உள்ளார். பாதுகாப்பான தூரத்தில் நிற்கவும்” என்றது. நான் இடப்பக்கம் போனால் அதுவும் போனது, வலப்பக்கம் போனால் அதுவும் வந்தது. என் உடம்பில் ஒரு கீறல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டது. அதற்குள் முதல் வண்டி அவனை மேலே, நாலாவது தட்டில் வைத்துவிட்டது.

கிடங்குக் கணக்கர் கண்ணாடி அறையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைப் பிடித்து உலுக்கினேன்.

“என் தம்பியைத் தூக்கி மேல வச்சிடுச்சுங்க!”

அவர் திரையைப் பார்த்தார். “நாலாவது தட்டுல முப்பத்தேழு மூட்டை. சரியாத்தானேம்மா இருக்கு?”

“திரையைப் பார்க்காதய்யா! தலையைத் தூக்கிக் கண்ணால பாரு!”

அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அவசரப்படாமல், நெற்றியில் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“மூட்டைதானே இருக்கு?” என்றார். நடிக்கவில்லை, சத்தியமாக நடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி காதில் மாட்டிக்கொண்டார்.

ஏணி இல்லை. லாரியில் இருந்தவர்கள் நான் சொன்னதைக் கேட்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டின் விளிம்பில் அவன் விரல்கள் தெரிந்தன. அவை எனக்குத் தெரிந்தன.

லாரிப் பலகையில் தயாராக இருந்த மூட்டையை இழுத்து முதுகில் சாய்த்துக்கொண்டேன். அம்மாடி, என்ன கனம்! முழங்கால் மடிந்தது, நெஞ்சு அடைத்தது, தலை தானாகக் கவிழ்ந்து என் பாதம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இதைத்தான் இவன் இத்தனை வருடம் சுமந்தானா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடங்கின் நடுவுக்கு நடந்தேன். இத்தனை நேரம் எனக்கு ஒதுங்கி நின்ற வண்டி இந்த முறை நிற்கவில்லை. தொடையில் சில்லென்று இரும்பு பட்டது, தரை கீழே போனது.

மேலே அவன் மூட்டைகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முதுகில் இன்னும் அந்த மூட்டை.

“அதைத் தள்ளிவிடேன்டா.”

“கீழ ஆளுங்க நடக்கிறாங்க அக்கா. யார் தலையிலயாவது விழுந்துட்டா?”

என் மூட்டையை அவனுக்குப் பக்கத்தில் சரித்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கீழே ஒரு தலைகூட நிமிரவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கட்டம், அளவுகோல், வாத்தியார், எதையும் மறைக்கவில்லை. என் அழுகைக்கு நடுவில் அவன் பொறுமையாகக் கேட்டான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“நம்ம கிடங்குலயும் கூரையில கேமரா இருக்கே. என் படம் உன்கிட்ட வந்துச்சா?”

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கூரையைப் பார்த்தேன், தட்டுகளைப் பார்த்தேன், வாசல் வெளிச்சம் விழும் தரையைப் பார்த்தேன். எல்லாமே எனக்குப் பழக்கப்பட்டவையாக இருந்தன.

“வந்துச்சுடா. தினமும் வந்துச்சு. எனக்கு நீன்னு தெரியலை.”

அவன் கீழே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தான். பிறகு, நான் விளிம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, விழுந்துவிடப் போகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.